ஐ.ஓ.எல். இன்ஜெக்டர் எடுக்கும்போது எதை வச்சு ஒப்பிடறது

கண்புரை ஆபரேஷன்ல செயற்கை லென்ஸை (ஐ.ஓ.எல்.) கண்ணுக்குள்ள தள்ளற கருவிதான் இன்ஜெக்டர். அதை விக்க வர்ற ரெப் முதல்ல சொல்றது "2.2 மில்லிமீட்டர்ல ஈஸியா போயிடும் டாக்டர்"ங்கிறதுதான். போகும். எந்த பவர் லென்ஸ் போச்சு, போனப்புறம் இன்சிஷன், அதாவது கண்ணுல போட்ட வெட்டு, எவ்வளவு விரிஞ்சுதுன்னு கேட்டாதான் பேச்சு மாறும், நாம ஒப்பிட வேண்டியதும் அதைத்தான்.

அதனால ட்ரையல் கேட்டு வாங்குங்க. 20, 21 டயாப்டர் பவரோட நிறுத்தாம 27, 28 மாதிரி தடிச்ச லென்ஸும் போட்டுப் பாருங்க. லென்ஸ் போடறதுக்கு முன்னாடி இன்சிஷன் கேஜ் வச்சு அளந்துக்கிட்டு போட்டப்புறம் திரும்ப அளங்க, 2.2ல ஆரம்பிச்சது 2.5 ஆகியிருந்தா அந்த 2.2 நோட்டீஸ்ல மட்டும்தான். இழுபட்டு விரிஞ்ச காயம் சரியா சீல் ஆகாது, அதுக்கு முதல்லயே 2.4 சுத்தமா வெட்டிடறது மேல். ஆல்கான் கம்பெனியோட மோனார்க் இன்ஜெக்டர்ல டி கார்ட்ரிட்ஜ் (லென்ஸை மடிச்சு வைக்கற குழாய்) மெலிசு, சி கொஞ்சம் பெருசு, ரெண்டுக்கும் வித்தியாசம் தடிச்ச லென்ஸ்லதான் தெரியும். எந்த லென்ஸுக்கு எந்த கார்ட்ரிட்ஜ்னு கம்பெனி போட்டிருக்கிறதை மீறி மாத்திப் போடாதீங்க.

அடுத்து ஸ்க்ரூவா புஷ்ஷா, அதாவது திருகித் தள்ளறதா அமுக்கித் தள்ளறதா. ஸ்க்ரூ டைப் மெதுவா போகும், கன்ட்ரோல் நல்லா இருக்கும், ஆனா ரெண்டு கையும் அதுலயே மாட்டிக்கும். புஷ் டைப்னா ஒரு கை ஃப்ரீ, சைடு போர்ட் (பக்கத்துல போட்ட சின்ன துளை) வழியா கண்ணை அசையாம புடிச்சுக்கலாம், ஆனா நடுவுல டைட்டாகி திடீர்னு விட்டா லென்ஸ் பாய்ஞ்சு போஸ்டீரியர் கேப்சூல்ல (லென்ஸ் பையோட பின்பக்க மெல்லிய சவ்வு) இடிக்கும். புதுசா கத்துக்கறவங்க கையில நான் ஸ்க்ரூவைத்தான் குடுப்பேன். ஆல்கானோட ஆட்டோநோம் மாதிரி வாயு அழுத்தத்துல தள்ளற ப்ரீலோடட் (கம்பெனியே லென்ஸை உள்ள வச்சுக் குடுக்கற) டிவைஸும் இருக்கு, ஒரே கையில ஸ்மூத்தா போகும், விலையைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

விலைன்னா, ப்ரீலோடடுக்கும், திரும்பத் திரும்ப யூஸ் பண்ற ரீயூசபிளுக்கும் இடையிலதான் பெரிய கணக்கு. ப்ரீலோடட்ல லென்ஸை யாரும் தொடறதில்ல, தலைகீழா லோட் பண்ற தப்பும் குறைவு, ஒரு நாளைக்கு நிறைய கேஸ் போற ஓ.டி.யில நேரமும் மிச்சம். ஆனா டிவைஸ் சொதப்புச்சுன்னா உள்ள இருக்கற லென்ஸும் சேர்ந்து போச்சு, அதே பவர்ல இன்னொண்ணு கையில வச்சிருக்கணும். டைட்டானியம் ஹேண்ட்பீஸ் ஒரு தடவை வாங்கினா வருஷக்கணக்கா ஓடும், ஆனா குழாய்க்குள்ள விஸ்கோ (லென்ஸ் வழுக்கிப் போக போடற ஜெல்) காய்ஞ்சு ஒட்டிக்கிட்டா ஆட்டோக்ளேவ் பண்ணியும் போகாது, அது அடுத்த பேஷன்ட் கண்ணுக்குள்ள போய் டாஸ் (கிருமி இல்லாம வர்ற கடுமையான கண் அழற்சி) வர வாய்ப்பு இருக்கு. கேஸ் முடிஞ்ச உடனே காயறதுக்குள்ள டிஸ்டில்ட் வாட்டர்ல ஃப்ளஷ் பண்ண ஆள் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. கார்ட்ரிட்ஜை கழுவி திரும்ப யூஸ் பண்றது வேற கதை, உள்ள இருக்கற வழுவழு கோட்டிங் போய் நுனி கீறி லென்ஸ்ல கோடு விழும், அந்த மிச்சம் வேணவே வேணாம்.

ட்ரையல் அன்னைக்கு லோட் பண்ண வேண்டியது ரெப் இல்ல, உங்க சிஸ்டர். ஹாப்டிக் (லென்ஸோட கை) ஆப்டிக்ல (நடுவுல இருக்கற வட்டம்) ஒட்டிக்குதா, ப்ளஞ்சர் (தள்ளற தண்டு) லென்ஸ் மேல ஏறுதா, பின்னாடி ஹாப்டிக்கை நசுக்குதான்னு மைக்ராஸ்கோப்ல பாருங்க. விஸ்கோ கஞ்சத்தனம் பண்ணாம போடுங்க. ஏசி ஜில்லுன்னு இருக்கற ரூம்ல ஹைட்ரோஃபோபிக் அக்ரிலிக் (தண்ணி ஒட்டாத, மடிக்கற வகை) லென்ஸ் விறைச்சுப் போய் மெதுவாதான் விரியும், இதுல லோட் பண்ணி ரொம்ப நேரம் வச்சா இன்னும் மோசம், அதனால எல்லா டிவைஸையும் ஒரே ரூம்ல ஒரே மாதிரி டெஸ்ட் பண்ணினாதான் ஒப்பீடு நியாயமா இருக்கும்.

எஸ்.ஐ.சி.எஸ். (கையாலேயே பண்ற சின்ன வெட்டு கண்புரை ஆபரேஷன்) மட்டும் பண்ற கேம்ப்னா இந்த தலைவலியே இல்ல, ஆறு மில்லிமீட்டர் டனல்ல பி.எம்.எம்.ஏ. (மடிக்க முடியாத கெட்டி பிளாஸ்டிக்) லென்ஸை ஃபோர்செப்ஸ்ல வச்சிடலாம், லென்ஸ் தயாரிக்கற மதுரை ஆரோலேப் 1992ல ஆரம்பிச்சதும் அந்த மாதிரி லென்ஸ்லதான்.

கடைசியா ஒண்ணு, முழுக்க ப்ரீலோடடுக்கு மாறினாலும் பழைய ரீயூசபிளை தூக்கிப் போட்டுடாதீங்க. கேப்சூல் கிழிஞ்சா சிங்கிள் பீஸ் அக்ரிலிக்கை சல்கஸ்ல (கருவிழிப் படலத்துக்குப் பின்னாடி, லென்ஸ் பைக்கு முன்னாடி இருக்கற இடம்) வைக்கக் கூடாது, அங்க கை தனியா பொருத்தின த்ரீ பீஸ் லென்ஸ் வேணும், அதைப் போட இன்ஜெக்டரும் அதுக்கேத்த கார்ட்ரிட்ஜும் எப்பவும் ட்ராலில இருக்கட்டும்.