கார் ஸ்டீரியோ இரைச்சல்: எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்கும் முறை

பாட்டோடு சேர்ந்து ஒரு கீச்சொலியோ ரீங்காரமோ கேட்கத் தொடங்கியதும் பலர் முதலில் செய்வது, ஒரு நாய்ஸ் ஃபில்டரை வாங்கி இடையில் மாட்டிவிடுவதுதான். சில வண்டிகளில் அது பலன் தருகிறது. ஆனால் பல நேரங்களில் கோளாறு அப்படியே இருக்க, அதன் சத்தம் மட்டும் அமுங்குகிறது. இரைச்சல் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று தெரிந்துவிட்டால், அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் உப்புத்தாளும் போதுமானதாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே தேடலை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகே செலவு செய்யுங்கள்.

தேடலுக்கு முதல் கருவி காது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. என்ஜினை இயக்காமல் ஸ்டீரியோவை மட்டும் போட்டு, வால்யூமை முழுவதும் குறைத்துக் கேளுங்கள். பிறகு என்ஜினை இயக்கி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். என்ஜின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் கீச்சொலி, என்ஜினால் சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. அது உண்டாக்கும் மாறுதிசை மின்சாரத்தை டையோடுகள் நேர்மின்சாரமாக்கும்போது எஞ்சும் சிற்றலைதான் அப்படி ஒலிக்கிறது. டிக் டிக் என்று வெடித்து, வேகத்தோடு நெருங்கி வந்தால் அது ஸ்பார்க் பிளக், அதன் கேபிள் ஆகியவற்றின் வேலை. டீசல் வண்டியில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. என்ஜின் வேகம் எப்படி மாறினாலும் ஒரே சுருதியில் நிற்கும் ரீங்காரத்துக்கு எரிபொருள் பம்ப்பையும், ஏசியின் காற்று வேகத்தை மாற்றும்போது மாறும் ஒலிக்கு புளோயர் மோட்டாரையும் சந்தேகிக்கலாம். என்ஜின் நின்றிருக்கும்போதும் கேட்கும் 'உஸ்' என்ற ஒலி பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் கெயினை (உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அமைப்பை) அளவுக்கு மேல் திருகி வைத்ததால் வருவது.

அடுத்து வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இரைச்சலும் கூடவே ஏறி இறங்கினால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்பே, அதாவது போன், அதை ஸ்டீரியோவோடு இணைக்கும் ஆக்ஸ் கேபிள், ஆன்டெனா போன்ற பக்கத்திலிருந்து நுழைகிறது. மாறாமல் நின்றால் அதற்குப் பிந்தைய பகுதியில், அதாவது ஹெட் யூனிட்டின் (டேஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோவின்) வெளியீட்டிலோ, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளிலோ, ஆம்ப்ளிஃபயரிலோ நுழைகிறது. இந்த ஒரே சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முந்தைய பகுதிதான் காரணம் என்றால், சாக்கெட்டில் செருகியிருக்கும் சார்ஜர், டேஷ் கேமரா ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒரு வண்டியில் ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். போன் சார்ஜில் இருந்தபடியே ஆக்ஸ் கேபிளிலும் இணைந்திருந்தது; சார்ஜரை உருவிய நொடியில் கீச்சொலி நின்றுபோயிற்று. ஒரே போன் சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் கேபிள் வழியாகவும் இரண்டு எர்த் பாதைகளை (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழிகளை) பெறும்போது, அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஆடியோ கம்பியில் இரைச்சலாகப் பாய்கிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறோம்.

பிந்தைய பகுதி என்றால் ஆம்ப்ளிஃபயரைத் தனிமைப்படுத்த வேண்டும். பழைய ஆர்சிஏ பிளக் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சிறு கம்பியால் இணைத்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவை முழுவதும் அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுக் கேபிள்களைக் கழற்றி, அந்த இடத்தில் இவற்றைச் செருகிய பிறகு இயக்குங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயர் மீது குற்றமில்லை. அடுத்ததாக அணைத்துவிட்டு, ஒரு புதிய ஆர்சிஏ கேபிளை சீட்டுகளின் மேலேயே போட்டு ஹெட் யூனிட்டோடு இணைத்துப் பாருங்கள். இப்போது அமைதி என்றால், பழைய கேபிள் சேதமடைந்திருக்கிறது அல்லது பவர் வயரை ஒட்டியே ஓடுகிறது. இரண்டையும் வண்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொண்டுபோக வேண்டும். குறுக்கிட்டே ஆகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

பிளக்கைச் செருகியும் சத்தம் நிற்கவில்லை என்றால் எர்த்தைப் பாருங்கள். இதற்கு ஓம் அளவை நம்ப வேண்டாம்; சாதாரண மல்டிமீட்டர் அவ்வளவு சிறிய மின்தடையைச் சரியாகக் காட்டாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் டெர்மினலிலும் தொட்டு, பாட்டை உரக்க ஒலிக்கவிட்டு அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5 வோல்ட்டைத் தொட்டால் அந்த இணைப்பில் கட்டாயம் கோளாறு உண்டு. போல்ட்டைக் கழற்றினால், வளையத்துக்கு அடியில் பெயின்ட் அப்படியே பளபளப்பாக இருப்பதையோ, துரு மாவாக உதிர்வதையோ காண்பீர்கள். வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பவர் வயரின் அதே கனமுள்ள, 45 சென்டிமீட்டருக்குள் அடங்கும் வயரால் இறுக்கிக் கட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரின் உலோகக் கூடு நேரடியாக பாடியைத் தொட்டால் அதுவும் இரண்டாவது எர்த் ஆகிவிடக்கூடும். மரப்பலகை மேல் பொருத்துவது நல்லது.

கேபிளை மாற்றியும் சத்தம் தொடர்ந்தால், ஹெட் யூனிட்டின் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் அதன் உலோகக் கூட்டுக்கும் இடையே ஒரு வயரைத் தற்காலிகமாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் மறைந்தால் உள்ளிருக்கும் மெல்லிய எர்த் இணைப்பு கருகியிருக்கிறது என்று பொருள். மின்சாரம் ஓடும்போதே கேபிளைச் செருகுவதால்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. மேலே ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுச் செய்யச் சொன்னதற்கு இதுவே காரணம்.

எர்த் எல்லாம் சரியாக இருந்தும் கீச்சொலி வந்தால், என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 0.5 வோல்ட்டை நெருங்கினால் ஆல்டர்னேட்டரின் டையோடு பழுதாகியிருக்கலாம். அதைச் சோதிப்பதற்காக என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்போது எகிறும் மின்னழுத்தம் வண்டியின் கணினியையே எரித்துவிடக்கூடும்.

இத்தனைக்கும் பிறகே ஐசொலேட்டரும் (ஆடியோ கம்பியில் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சாதனம்) ஃபில்டரும். மலிவான டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர்கள் பேஸ் ஒலியைக் குறைத்துவிடுவதால் அவற்றைக் கடைசியாகவே வைத்துக்கொள்ளுங்கள். எதைச் சரிசெய்திருந்தாலும், டேஷ்போர்டை மூடி ஸ்குரூ போடுவதற்கு முன் என்ஜினை இயக்கி, ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாவற்றையும் போட்டு, பாட்டு இல்லாமல் ஒருமுறை அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள்.