ஹெவிவெயிட் சண்டை ரோபோவுக்கு ஸ்பீடு கன்ட்ரோலர்: முதலில் சக்கரம் சறுக்கும் கணக்கு

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரை மோட்டாரின் குதிரைசக்தியை வைத்து வாங்காதீர்கள். சக்கரம் தரையில் சறுக்கத் தொடங்கும் கணத்தில் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? இந்த ஒரு எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பேட்டில்பாட்ஸ் என்ற ரோபோச் சண்டைப் போட்டியில் ஹெவிவெயிட் வரம்பு 250 பவுண்டு, சுமார் 113 கிலோ. முழு எடையும் ஓட்டும் சக்கரங்களின் மேல் இருக்கிறது, உராய்வு 0.9 என்று வைத்தால், ரோபோ தள்ளக்கூடிய அதிகபட்ச விசை 113 × 9.8 × 0.9, ஏறக்குறைய 1000 நியூட்டன். பக்கத்துக்கு ஒரு மோட்டார் என்றால் ஒவ்வொன்றுக்கும் 500. சக்கரத்தின் விட்டம் 20 செ.மீ. என்றால் அச்சில் 50 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். கியர் 10:1 என்றால் மோட்டாருக்கு வருவது 5.

இப்போது மோட்டாரைப் பாருங்கள். 24 வோல்ட்டில் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும், 0.064 ஓம் மின்தடை உள்ள பிரஷ் மோட்டார் ஒரு ஆம்பியருக்குச் சுமார் 0.038 நியூட்டன் மீட்டர் தரும். 5-ஐ 0.038-ஆல் வகுத்தால் 130 ஆம்பியர். கியர் இழப்பையும் சேர்த்து 145 என்று கொள்ளுங்கள். அதே மோட்டார் அசையாமல் நின்றுபோனால் இழுப்பது 24 ÷ 0.064, அதாவது 375 ஆம்பியர். கியர் சரியாக இருந்தால் அந்த நிலை வருவதற்குள் சக்கரம் சறுக்கிவிடும். கவசத் தகடு வளைந்து டயரில் சிக்கும்போதுதான் 375 வரும்.

கியரை 6:1 ஆக்கினால் வேகம் மணிக்கு 22 கி.மீ.யிலிருந்து 38 ஆகும். சறுக்கும் மின்னோட்டமும் 240 ஆம்பியரைத் தொடும். களம் 48 அடிக்கு 48 அடிதான். அந்த வேகத்தை எட்டுவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும். விலை கூடிய கன்ட்ரோலருக்குப் போகுமுன் கியரை மாற்றிப் பாருங்கள்.

எதிராளியை உங்கள் முன்தகட்டில் ஏற்றித் தள்ளும்போது அவர்கள் எடையில் ஒரு பங்கு உங்கள் சக்கரத்தில் இறங்கும். சறுக்கும் மின்னோட்டமும் அந்த அளவுக்கு ஏறும். ஆகவே 10:1 ரோபோவுக்குத் தொடர்ச்சியாக 150, சில வினாடிகளுக்கு 300 ஆம்பியர் தாங்குவது வேண்டும். விவரத்தாளில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் காற்றோட்டத்தோடு அளந்தது. மூடிய பெட்டிக்குள் காற்று இல்லை, தடித்த அலுமினியத் தகடுதான் வெப்பத்தை வாங்க வேண்டும். பேட்டரிப் பக்க மீட்டரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள்: பாதி திராட்டிலில் (ரிமோட் குச்சியைப் பாதி தள்ளிய நிலையில்) மோட்டார் 130 இழுக்கும்போது பேட்டரியில் 65 தான் தெரியும். கன்ட்ரோலரைச் சூடாக்குவது மோட்டார் பக்க மின்னோட்டம்.

கன்ட்ரோலர்கள் அதிகம் எரிவது முழு முன்வேகத்திலிருந்து சட்டென்று பின்னால் திருப்பும்போது. சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் பேட்டரியோடு சேர்ந்துகொள்வதால், ஒரு கணம் நிற்கும்போது இழுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாயும். கரண்ட் லிமிட் உள்ளதையே வாங்குங்கள். இல்லையென்றால் ரிமோட்டில் 0.2 வினாடி ராம்ப் (கட்டளை படிப்படியாக மாறும் அமைப்பு) வையுங்கள்.

வோல்ட்டில் தாராளம் வேண்டும். 12 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில் 50.4 வோல்ட். பிரேக் போடும்போது இன்னும் ஏறும். 60 வோல்ட் மாஸ்ஃபெட் (கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) அங்கே மிகவும் நெருக்கடி. 75 அல்லது 100 வோல்ட் எடுங்கள். 6 செல்லுக்கு 40 வோல்ட் போதும். பேட்டரி வயர் நீண்டால் ஒவ்வொரு ஸ்விட்ச்சிங்கிலும் மின்னழுத்தம் துள்ளும். நீளம் தவிர்க்க முடியாவிட்டால் மோட்டார் பக்கத்தில் நீட்டுங்கள், லோ-ஈஎஸ்ஆர் (உள்மின்தடை குறைந்த) கெப்பாசிட்டர்களைக் கன்ட்ரோலரின் முனைகளிலேயே பற்றவையுங்கள்.

ஆயுத மோட்டார் வேறு கதை. 30 கிலோ எடை, 1 மீட்டர் நீளமுள்ள சீரான பிளேடை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கொண்டுபோனால் அதில் ஏறக்குறைய 55 கிலோஜூல் சேரும். 6 வினாடியில் ஏற்ற வேண்டுமானால், இழப்பைச் சேர்க்காமலே சராசரி 9 கிலோவாட். 48 வோல்ட்டில் 190 ஆம்பியர். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இதே சுமை திரும்ப வரும். ஆகவே இங்கே உச்ச ஆம்பியரைப் பார்க்காமல் தொடர்ச்சி ஆம்பியரைப் பாருங்கள். பிரஷ்லெஸ் என்றால் ஹால் சென்சார் (ரோட்டரின் நிலையைச் சொல்லும் உணரி) உள்ள மோட்டார் நல்லது. சென்சார் இல்லாதது கனமான பிளேடைக் கிளப்பும்போது திக்கி நிற்கும். வெஸ்க் (VESC என்ற திறந்த மூல கன்ட்ரோலர்) வகையில் மோட்டார் கரண்டுக்கும் அப்சல்யூட் மேக்ஸிமத்துக்கும் (தாண்டக்கூடாத உச்ச வரம்பு) நடுவே இடைவெளி விடுங்கள். அந்த உச்சம் தாண்டினால் கன்ட்ரோலர் ஃபால்ட் காட்டி, மாற்றாத அமைப்பில் அரை வினாடி நின்றுவிடும். ஓட்டும் மோட்டாரில் வெஸ்க் போட்டால் அந்த அரை வினாடியில் நீங்கள் அசையாத இலக்கு. பிரஷ் மோட்டார் ஒரே திசையில் சுற்றினால் போதும் என்றால் கன்ட்ரோலரே வேண்டாம், கனரக கான்டாக்டர் (பெரிய மின்காந்த ஸ்விட்ச்) போதும்.

பொருத்தும்போது போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (மெல்லிய மின்கடத்தாப் பூச்சு) அடியுங்கள். டிரில் போட்ட இரும்புத்தூள் ஒரு துணுக்கு மாஸ்ஃபெட் கால்களுக்கு இடையே விழுந்தாலே ஷார்ட். ரப்பர் கிராமெட் (வளையம்) மேல் போர்டை உட்கார வையுங்கள், கனமான கெப்பாசிட்டர்களைப் பசையால் பிடியுங்கள். அடி விழும்போது முதலில் பிய்வது அவற்றின் கால்கள்தான்.

ஆயுதத்தைக் கழற்றி, சக்கரங்களைத் தூக்கிவைத்து ஓட்டிக்கொண்டே ரிமோட்டை அணையுங்கள். எல்லாம் நிற்க வேண்டும், திரும்ப ஆன் செய்யும்போது தானாகத் துள்ளக்கூடாது. பிறகு சுவரில் முட்டவைத்து 10 வினாடி முழு திராட்டிலில் தள்ளுங்கள். சக்கரம் சறுக்காமல் நின்றால் உடனே திராட்டிலை விட்டுவிடுங்கள், கியர் கணக்கு தப்பு. சறுக்கினால் 3 நிமிடம் முன்பின்னாகத் திருப்பித் திருப்பி ஓட்டி, கன்ட்ரோலரின் வெப்பத்தை அளந்து பாருங்கள். 80 டிகிரி தாண்டினால் அடுத்த அளவு கன்ட்ரோலர் வாங்குங்கள்.