படித்துறையில் கிடைக்கும் கவிதை: முதல்முறை எழுதுகிறவர்களுக்கு

"கவிதை எழுதணும், ஆனா எதைப் பத்தி எழுதன்னு தெரியலையே" என்று கேட்பவர்களிடம், விடியற்காலையில் நெல்லையில் தாமிரபரணிப் படித்துறையான குறுக்குத்துறைக்குப் போகச் சொல்வேன். உங்கள் ஊரில் ஆறு இல்லையா? குளத்தங்கரை, பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை வரிசை, எதுவானாலும் சரி. நாலு பேர் அவரவர் பாட்டுக்கு ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1. நோட்டு. சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டும் பேனாவும் போதும். செல்போன் வேண்டாம். கையில் எடுத்தால் வாட்ஸ்அப்தான் பார்ப்போம்.

2. பத்து வரி. அரைமணி நேரம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதுங்கள். 'அழகு' என்ற சொல்லும் 'போல' என்ற சொல்லும் வரக்கூடாது. முதல் நாள் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், பரவாயில்லை.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரிப் பக்கத்தைக் களமாகக் கொண்டது, உழவர் வாழ்க்கையைப் பாடும் பழைய நூலான முக்கூடற்பள்ளு. நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்று குறி சொல்லும் பாட்டு ஒன்று அதில் உண்டு. மலையாளத்துப் பக்கமும் ஈழத்துப் பக்கமும் மின்னல் வெட்டுகிறது. நேற்றும் இன்றும் காற்று கொம்பைச் சுற்றி அடிக்கிறது. கேணியில் சொறித்தவளை கத்துகிறது. நண்டு தன் வளையைச் சேறு வைத்து அடைக்கிறது. ஆடிப் பாடித் துள்ளுவதெல்லாம் கடைசியில்தான், முதலில் நண்டு! எழுதியவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் வயல் வரப்பில் குனிந்து பார்த்த ஆள் என்று மட்டும் தெரிகிறது.

3. ஒரு பேச்சு. காதில் விழுந்த ஒரு வாக்கியத்தையாவது அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "நேத்தைக்கு இன்னைக்குத் தண்ணி இறங்கிட்டுல்லா" என்று ஒரு ஆச்சி சொன்னால், அதை 'நீர்மட்டம் குறைந்துள்ளது' என்று மாற்றி எழுதிக் கெடுத்துவிடாதீர்கள்.

4. வெட்டு. நோட்டை இரண்டு நாள் மூடி வையுங்கள். அப்புறம் எடுத்து, மனதில் தங்கிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். என் நோட்டிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். முதலில் எழுதியது இப்படி இருந்தது:

காலைக் குளிர். படியில் சோப்பு நுரை.
பெரியவர் ஒருவர்
மூக்குக்கண்ணாடியைச் செருப்புக்குள் வைத்துவிட்டு முங்கினார்.
எழுந்து வந்தவர் கண்ணாடியைத் தேட
முதலில் செருப்பைத் தேடினார்.
வாழ்க்கையும் இப்படித்தான்.

கடைசி வரியை எழுதியபோது ரொம்பப் பெருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்தால் கூச்சமாக இருந்தது. குளிரும் நுரையும்கூட எந்தப் படித்துறையிலும் இருப்பதுதானே. வெட்டிய பிறகு:

கண்ணாடியைச் செருப்புக்குள் வைத்துவிட்டு
முங்கினார்.
செருப்பு எங்கே
என்று தெரிய
கண்ணாடி வேண்டும்.

பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் இன்னும் படியில் தடவிக்கொண்டு நிற்கிறார். புதிதாக எழுதுகிறவர்கள் கடைசி வரியை ஒருமுறை மறைத்து வைத்துப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட கவிதைகளில் அது தேவைப்படாது.

5. வாய்விட்டு வாசிப்பு. மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே வரியை உடையுங்கள். கவிதை ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி. நெல்லை வண்ணார்பேட்டையில் தம் வீட்டு முற்றத்தில் நண்பர்களைக் கூட்டிக் கவிதையை வாய்விட்டுச் சொல்லி ரசித்தார். 'வட்டத்தொட்டி' என்ற அந்தக் கூட்டத்தின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. உங்களுக்கும் ஒரு முற்றம் போதும், மொட்டைமாடியானாலும் சரி.

6. ஒரு நாள் குறியுங்கள். யுனெஸ்கோ 1999-இல் அறிவித்த உலகக் கவிதை நாள் மார்ச் 21. நம்மூர் நாள் வேண்டுமென்றால், எட்டயபுரத்தில் பிறந்து நெல்லையில் படித்த பாரதியின் பிறந்தநாள் டிசம்பர் 11. ஐந்தாறு பேர் கூடி ஆளுக்கு ஒரு கவிதை வாசியுங்கள், கூடவே பிடித்த பழைய பாட்டு ஒன்றும். எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு விதிதான்: "இதுல நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று விளக்கம் ஆரம்பிக்கிறவர் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இதுவரை அதிகம் வாங்கித் தந்தது நான்தான்.