குப்பையாகத் தெரிந்தால் சேமிக்காதீர்கள்

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து டிடிபி கடைகளுக்கு, கும்பாபிஷேகப் பத்திரிகையில் போட இணையத்திலிருந்து இறக்கிய பதிகத்தை பென் டிரைவில் கொண்டு வருவார்கள். எடிட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் கிறுக்கல். உடனே ஏதோ ஒரு மெனுவைத் தட்டி, கண்ட்ரோல் எஸ் அழுத்திவிடுவது வழக்கம். கோப்பு உண்மையில் கெடுவது அந்த நொடியில்தான்.

எழுத்துகளைப் பைட் எனும் எண்களாகச் சேமிக்கும் முறைதான் குறியாக்கம். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'தமிழ்' என்பது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறி, ஆக 15 பைட். எடிட்டர் அதை ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கமான விண்டோஸ்-1252 என்று எடுத்துக்கொண்டால் 15 துண்டாகக் காட்டும், ஒன்றிரண்டு கண்ணுக்கே தெரியாது. மூன்றுக்கு ஒருமுறை தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ வந்தால் நிம்மதி அடையலாம். தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, படிக்கும் விதம்தான் தப்பு.

பிரவுசரில் நன்றாகத் தெரிந்ததே என்பீர்கள். குறியாக்கம் இன்னது என்று சர்வர் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கும். பக்கத்தைச் சேமிக்கும்போது அந்தத் தகவல் கோப்போடு வராது.

அதிகம் நடக்கும் தவறு, மாற்றிப் படிப்பதையும் மாற்றுவதையும் குழப்பிக்கொள்வது. மரக்காலை மாற்றி அளந்தால் நெல் நெல்லாகவே இருக்கும், ஆலையில் அரைத்துவிட்டால் திரும்பாது. நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டரின் என்கோடிங் மெனுவில் மேலே இருக்கும் யூடிஎஃப்-8தான் மரக்கால். கீழே 'கன்வர்ட் டு' என்று தொடங்குவதெல்லாம் ஆலை. கிறுக்கலாகத் தெரியும்போது கன்வர்ட் கொடுத்தால், அந்தக் கிறுக்கலையே யூடிஎஃப்-8 ஆக்கி வைக்கும். விஎஸ் கோடு எடிட்டரில் கீழ்ப்பட்டையில் உள்ள குறியாக்கப் பெயரைச் சொடுக்கி, 'ரீஓப்பன்' தேர்ந்தெடுங்கள். 'சேவ்' பக்கம் அப்புறம் போகலாம்.

இதைவிட மோசம், சரியாகத் தெரியும் தமிழை ஆன்சி என்ற விண்டோஸின் பழைய குறியாக்கத்தில் சேமிப்பது. தமிழுக்கு அங்கே இடமில்லாததால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிடும். மீட்க வழியே இல்லை. 2019க்கு முந்தைய நோட்பேடில் ஆன்சிதான் இயல்பு. விண்டோஸ் 7 ஓடும் கடைகளில் கவனம் தேவை.

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கு இருந்த திஸ்கி குறியாக்கத்தில் உள்ள பழைய கோப்புகள் வேறு ரகம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள் பல இப்படிக் கிடைத்தன. யூடிஎஃப்-8 என்று வலுக்கட்டாயமாகத் திறந்தால் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். அதைச் சேமித்தால் மூல பைட்டுகள் போச்சு. 1252இல் திறந்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புக்கோ எந்தக் குறியாக்கத்தை மாற்றியும் பயனில்லை. அதில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி, சாதாரண ஆங்கில விசைகள். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது, அதனால் அதற்கும் கன்வர்ட்டர்தான் வழி. என்னைக் கேட்டால், மெனுவில் மணிக்கணக்காகத் தேடுகிறவர்களில் பலர் கையில் இருப்பது இந்தப் பாமினிதான்.

மேட்டூர் நீர்மட்டக் கணக்கைச் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்து அட்டவணைக் கோப்பாக இறக்கி எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்கிறவர்களுக்கும் இதே கதி. டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, 65001 என்ற யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்தால் தலைப்புகள் தமிழிலேயே வரும்.