ஆத்தங்குடியில் ஏணிக் கேள்வி கேட்பது எப்படி?

காரைக்குடியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். பக்கத்து ஆத்தங்குடியில் ஏற்றத்தாழ்வும் மனநிறைவும் பற்றிக் கள ஆய்வு செய்ய வரும் பிள்ளைகள் இன்னமும் என் வீட்டுப் படியேறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

ஏணிக் கேள்வி எளியது. ஹாட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் வெளியிட்டது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை பத்தாவது படி, மிக மோசமானது பூச்சியம். இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள்? உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவதும் இதை வைத்துத்தான். எண்ணை வாயால் கேட்காதீர்கள். தாளில் ஏணி வரைந்து, ஒரு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் கொட்டையை ஒரு படி ஏற்றி, பிறகு இறக்கி வைப்பார்கள். அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏணியை முதலில் கேளுங்கள். வருமானம், கடன், அரசியல் எல்லாம் பிறகு. அமெரிக்காவில் அரசியல் கேள்வியை முன்னால் வைத்தபோது ஏணி மதிப்பெண் கணிசமாகச் சரிந்ததை பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் 2012இல் காட்டினார். நகை அடகில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏணியை நீட்டினால் இங்கும் அதுதான் நடக்கும்.

இடமும் முக்கியம். தரைக்கல் பட்டறையில் வேலை செய்பவரை முதலாளி முன்னால் கேட்டால், "எனக்கு என்ன குறை?" என்பார். மாலையில் டீக்கடையில் கேளுங்கள். அங்கும் அதையே சொன்னால் விட்டுவிடாதீர்கள்: ஐந்து ஆண்டுக்கு முன் எந்தப் படி, இன்னும் ஐந்து ஆண்டில் எந்தப் படி என்று கேளுங்கள். கேன்ட்ரிலும் இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் சேர்த்தே கேட்டார்.

இனி, பெரிய வீடுகள். தேக்குத் தூணைப் பார்த்ததும் 'வசதியானவர்' என்று எழுதிவிடும் கை உங்களுக்கு வேண்டாம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். 1948இல் அந்நாட்டு அரசு நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே கடன் கொடுத்து நிலம் சேர்த்திருந்த, இந்தப் பக்கத்து வணிகச் சமூகமான நகரத்தார் பலரின் செல்வம் அங்கேயே போயிற்று. வீடு மட்டும் இங்கே நிற்கிறது, பங்காளிகள் பலருக்குப் பொதுவாக. ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஓர் அறையைத் திறந்துவைத்து, மற்றவற்றைப் பூட்டி வாழும் ஆச்சி புளியங்கொட்டையை மூன்றாம் படியில் வைக்கலாம். இரண்டு தெரு தள்ளி, மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிய காவல்காரர் ஏழில் வைக்கலாம். அவருக்குப் பக்கத்து வீட்டுப் பணம் பொறாமையைத் தராமல் நம்பிக்கையைத் தந்திருக்கும். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973இல் இதைத்தான் சொன்னார்: நெரிசலில் நிற்கும்போது பக்கத்து வரிசை நகர்ந்தால், நமக்கும் வழி பிறக்கும் என்று முதலில் மகிழ்வோம், நம் வரிசை நகராமலே போனால் கோபம் வரும்.

ஆகவே நான் கட்டாயப்படுத்துவது ஒரே ஒரு துணைக் கேள்வி: "யாரை மனத்தில் வைத்து இந்தப் படியைச் சொன்னீர்கள்?" ஆச்சி தன் மாமனார் காலத்தைச் சொல்வார், காவல்காரர் தன் அண்ணனைச் சொல்வார். நகரத்தார் கோயில் கணக்கில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, வரியும் புள்ளிக்கு ஒன்றே. அங்கே சமமாக நிற்கும் இரண்டு பேர், கல்யாண வீட்டில் சீர்வரிசைச் சாமான் பரப்பியிருக்கும் கூடத்தில் சமமாக நிற்பதில்லை. எந்தக் கூடத்தை நினைத்துப் பதில் வந்தது என்று தெரியாத எண்ணை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வருமானம் கேட்டால் உண்மை வராது, செலவைக் கேளுங்கள். ஆனால் ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி எண், இந்தியாவில் பெரும்பாலும் நுகர்வுச் செலவிலிருந்தே வருவதால், மேல்தட்டினர் சேமிப்பது அதில் தெரியாது என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

அடுத்து, ஜினியையும் ஏணியையும் ஒரே படத்தில் போட்டுக் கோடு இழுக்க ஆசை வரும், வேண்டாம். கோஸ்டா ரிகாவில் ஏற்றத்தாழ்வு அதிகம், ஏணிப் படியும் உயரம். ஐரோப்பாவில் ஏழைகளை ஏற்றத்தாழ்வு வருத்துகிறது, அமெரிக்க ஏழைகளிடம் அப்படித் தெரியவில்லை என்று பொருளியலாளர் அலெசினா குழுவினர் 2004இல் கண்டார்கள். அதே ஆண்டில் பொருளியலாளர் கிளாடியா செனிக், ரஷ்யாவில் தம்மைப் போன்றவர்களின் வருமானம் உயர்ந்தால் மக்கள் நிறைவு கூடுவதைக் காட்டினார். உங்கள் அட்டவணையை வருமான அடுக்காகப் பிரிப்பதற்கு முன், யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள்.

தாளில் பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். இங்கே தெருவும் வயதும் தெரிந்தால் ஆள் யாரென்று பால்காரர் சொல்லிவிடுவார்.