ஓடுற ஒன்லைன் பிஸ்னஸ வாங்கேக்க விடுற பிழையள், பேந்து கோட்டுக்குப் போற கதையள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் இப்ப பேஸ்புக் பேஜும் காணி மாதிரி கைமாறுது. கனடா, சுவிஸில இருக்கிறவை ஊரில இருக்கிற அம்மாவுக்கு கேக் அனுப்புற கிஃப்ட் டெலிவரி பேஜ், கருவாடு விக்கிற பேஜ், உடுப்புக்கடை பேஜ் எண்டு கன சாமான். நடத்தின பெடியன் வெளிநாடு போகப்போறான், அவசரமா காசு வேணும், வாங்கிறவரும் வட்ஸ்அப்பில ரெண்டு வொய்ஸ் மெசேஜ் போட்டு விலை பேசி காசை பாங்கில போட்டுவிடுறார், என்னென்ன கைமாறுது எண்டு ஒரு துண்டுக் கடதாசியில கூட எழுதுறேல்ல.

அட்மின் தந்தா எல்லாம் வந்திட்டுது எண்டு நினைக்கிறதுதான் பெரிய பிழை. ஓடர் வாறது வட்ஸ்அப் நம்பருக்கு, அந்த சிம் இருக்கிறது வித்தவற்ற அடையாள அட்டையில. நாளைக்கு அவர் சிம் துலைஞ்சிட்டுது எண்டு சொல்லி புதுசு எடுத்தா வட்ஸ்அப்பும் போச்சு, ஓடிபி (கணக்குக்குள்ள போக போனுக்கு வாற ரகசிய நம்பர்) வாறதும் அவருக்குத்தான். அதைவிட மோசம் கூரியர் அக்கவுண்ட். சாமான் குடுத்து காசு வாங்கிற ஓடரில சேருற காசை கூரியர்காரர் போடுறது அக்கவுண்டில குடுத்து வச்ச பாங்க் நம்பருக்கு, அதை மாத்தாம விட்டா நீங்கள் அனுப்பின சாமானின்ர காசு பழைய முதலாளிக்குப் போகும், திரும்பி வாற பார்சல் மட்டும் உங்கட தலையில விழும். அவர் "அது என்ர பழைய ஓடர் காசு" எண்டுவார். ஆகவே எந்தத் திகதிக்கு முந்தின ஓடர் ஆருக்கு, அதுக்குப் பிறகு வாற ரிட்டேர்ன் ஆற்ற செலவு எண்டு எழுதோணும். சிம், கூரியர், டொமைன் (வெப்சைட்டின்ர பேர்), பேஜுக்குப் போட்ட ஈமெயில் எல்லாம் உங்கட பேருக்கு வரும்வரைக்கும் கடைசிக் காசைக் குடுக்காதேங்கோ.

எங்கட பக்கத்து ஆக்களுக்கு பேர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்த காணி எண்டா விளங்கும், இருக்கலாம் செய்யலாம், டிஎஸ்ஸின்ர (பிரதேச செயலாளரின்ர) அனுமதி இல்லாம விக்கேலாது. பேஸ்புக், யூடியூப் கணக்குகளும் அந்த வகைதான். யூடியூப் விளம்பரக் காசு வாற அட்சென்ஸ் கணக்கு இன்னொருத்தருக்கு மாத்தேலாது, யூடியூப் சேனல் வாங்கினா உங்கட பேரில புதுசா எடுத்து இணைக்கோணும். சேனலை யூடியூப்காரர் நிப்பாட்டிப்போட்டாங்கள் எண்டா வித்தவரோடதான் சண்டை பிடிக்கலாம், அதுவும் ஒப்பந்தத்தில அதைப்பற்றி எழுதியிருந்தா.

வியாபாரப் பெயர்ப் பதிவுத் துண்டைக் காட்டி "பேர் எனக்குச் சொந்தம்" எண்டு சொல்லுறதை நம்பாதேங்கோ. அது அவர் அந்தப் பேரில வியாபாரம் செய்யிறார் எண்டதுக்கான பதிவு மட்டும்தான். பேரையும் லோகோவையும் மற்றவை பாவிக்காம தடுக்கிற உரிமை வேணுமெண்டா 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில வர்த்தகக் குறியா பதியோணும், பதிஞ்சா பத்து வருஷம், பேந்து புதுப்பிக்கலாம். தனி ஆள் பிஸ்னஸ் எண்டா வித்தவற்ற கடன் அவரோட நிக்கும். ஆனா கொம்பனியின்ர பங்கை வாங்கினா கொம்பனியின்ர வரிப் பாக்கி, கடன், வழக்கு எல்லாம் உள்ளுக்கயேதான் கிடக்கும், கணக்குப் பாக்காம கையெழுத்து வைக்கிறது விசர் வேலை.

வருமானத்துக்கு லைக்ஸ், ஸ்கிரீன்சொட் எல்லாம் ஒரு சாட்சியோ? பாங்க் ஸ்டேட்மெண்டையும் கூரியர்காரர் காசு போட்ட கணக்கையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்கோ. மாசம் இவ்வளவு வருது எண்டு அவர் சொன்னதையும் ஒப்பந்தத்தில போடுங்கோ, பொய்யெண்டு தெரிஞ்சா பிடிக்க அதுதான் கயிறு.

பிறகு இன்னொண்டு, வித்துப்போட்டு அடுத்த கிழமையே கிட்டத்தட்ட அதே பேரில புதுப் பேஜ் துறந்து பழைய கஸ்டமருக்கெல்லாம் மெசேஜ் போடுறது. இதை மறிக்கோணுமெண்டா எழுத்தில வேணும், அதுவும் நியாயமா. வட மாகாணத்துக்குள்ள ரெண்டு வருஷம் இந்த வியாபாரம் செய்யப்படாது எண்டா நிக்கக்கூடும், உலகத்தில எங்கயும் சாகும்வரைக்கும் செய்யப்படாது எண்டு எழுதினா கோட்டில நிக்கிறது கஷ்டம்.

பிஸ்னஸில பாதிப் பங்கு வாங்கி கூட்டாளியாகிறவை இதைக் கவனியுங்கோ: ஆயிரம் ரூபாக்கு மேல முதல் போட்ட பங்குடைமை எழுத்தில கையெழுத்தோட இருக்கோணும் எண்டு 1840 இல வந்த மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்லுது. அந்த ஆயிரத்துக்கு இப்ப ஒரு நல்ல கேக்கே வராது, ஆனா சட்டம் அப்பிடியேதான் கிடக்கு.

வட்ஸ்அப் மெசேஜ் செல்லாது எண்டு சிலபேர் கை விடுகினம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி எலக்ட்ரோனிக் பதிவு எண்ட ஒரே காரணத்தால அதைத் தள்ளேலாது, அதால போனை மாத்த முதல் வட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் எடுத்து வையுங்கோ. காலமும் ஓடும், எழுத்தில உள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருஷம், வாய்ப்பேச்சுக்கு மூண்டு வருஷத்துக்குள்ள வழக்குப் போடோணும். பொலிஸுக்கு ஓடினா அனேகமா "இது சிவில் பிரச்சினை" எண்டு திருப்பி அனுப்புவினம். சின்னத் தொகை எண்டா முதல் மத்தியஸ்த சபைக்குப் போகோணும், அங்க ஒத்துவரேல்ல எண்டா இணக்கமில்லை எண்டு ஒரு சான்றிதழ் தருவினம், மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போடேக்க அது தேவை, துலைக்காம வச்சிருங்கோ.