எம்ஜிபி என்ஜினில் கம்ப்ரஷன் குறைந்தால்: ரிங் மேல் பழி போடும் முன்

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1,798 சிசி என்ஜின் லேசில் படுத்துவிடாது. ஆனாலும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் காற்றழுத்தம், கொஞ்சம் இறங்கினால் போதும், "பிஸ்டன் ரிங் போச்சு" என்று என்ஜினையே இறக்கிவிடுகிறார்கள். பல சமயம் கோளாறு மேலே, சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டில் இருக்கும். சில சமயம் சோதித்த விதத்திலேயே இருக்கும்.

ஆறிப்போன என்ஜினில் ஒரே ஒரு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடித்து எடுத்த அளவை நம்பாதீர்கள். வண்டியை ஓட்டிச் சூடேற்றி, நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். எஸ்யு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனையும் தூக்கி வைப்பது நல்லது, அதுதான் காற்று வழியில் உட்கார்ந்திருக்கும். காயில் வயரையும் பெட்ரோல் பம்ப் வயரையும் மறக்காமல் கழற்றிவிடுங்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் நான்கு சிலிண்டரும் சேர்ந்தே குறைத்துக் காட்டும்.

கேஜில் வந்த எண்ணைப் புத்தகத்து எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவது இன்னொரு வழக்கம். கேஜுக்குக் கேஜ் அளவு மாறும். கேம்ஷாஃப்ட் மாற்றியிருந்தாலும் மாறும். நான்கும் 140 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) ஒட்டி வந்தால் நிம்மதியாக ஓட்டலாம். மூன்று 150, ஒன்று மட்டும் 110 என்றால்தான் தேட வேண்டும்.

அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்). ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட். தாராளமாக ஊற்றினால் ஆயிலே இடத்தை அடைத்துக்கொண்டு பொய்யாக ஏற்றிக்காட்டும்.

வால்வு என்று தெரிந்ததும் ஹெட்டைக் கழற்ற ஓடாதீர்கள். முதலில் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு. குளிர்ந்த நிலையில் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) 0.015 அங்குலம். எட்டாவது வால்வு முழுக்க அழுந்தியிருக்கும்போது ஒன்றாவது, ஏழாவது அழுந்தியிருக்கும்போது இரண்டாவது என, கூட்டினால் ஒன்பது வரும்படி பார்த்துக்கொண்டே போகலாம். இடைவெளி குறைந்திருந்தால் வால்வு சரியாக மூடாது. சரிசெய்தாலே அளவு மேலே வந்துவிடும், வால்வு கருகியிருக்காதவரை. திரும்பத் திரும்ப அதே எக்சாஸ்ட் வால்வு இறுகினால் அது உட்காரும் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். சீட்டைத் தேயாமல் காக்கும் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடித்த ஹெட் அது. பிரிட்டனில் 2000-இலேயே அந்தப் பெட்ரோல் விற்பனை நின்றுவிட்டது. இதற்கு லேப்பிங் (வால்வைச் சீட்டோடு பொருந்தத் தேய்ப்பது) தீர்வல்ல, கடினமான சீட் பதிக்க வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் குறைந்தால் எல்லோரும் கேஸ்கெட் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் 2-ம் 3-ம் என்றால் பொறுங்கள். இந்த ஹெட்டில் அவை இரண்டுக்கும் எக்சாஸ்ட் வழி ஒன்றே, அங்கே சூடு அதிகம், இரண்டு வால்வும் கருகியிருக்கலாம். பிஸ்டனை மேலே நிறுத்திக் கம்ப்ரசர் காற்றை விட்டுக் காது கொடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் என்றால் இன்லெட். ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். பக்கத்துப் பிளக் துளையில் வந்தால்தான் கேஸ்கெட்.

ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டை மட்டும் கழற்றுகிறோம் என்று கூலன்டை வடிக்காமல் ஸ்பேனர் போடுபவர்களும் உண்டு. அதைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றைத் தளர்த்தினால் நல்ல கேஸ்கெட்டும் கசியத் தொடங்கலாம். அதேபோல் ஹெட் நட்டை மறுபடி முறுக்கினால் டேப்பெட்டையும் மறுபடி பார்த்துத்தான் ஆக வேண்டும்.